சாம்பார் அண்டாவும் ஒரு வாய்த் தண்ணியும்

“ஏனுங்க்கா, இந்தச் சனத்துக்கு மூளையே கெடையாதுங்களா?” என்று கேட்டார் செங்கோடன்.

சௌடேஸ்வரி அக்கா கம்ப்யூட்டர் ஒன்றின் பின்பக்கம் குனிந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார்.

செங்கோடனுக்கு வயது நாற்பத்து மூன்று. அக்காவுக்கு அவரைவிட ஒன்பது வயது குறைவு. ஆனாலும் அந்த அறைக்குள் காலை வைத்த எல்லோருக்கும் அவர் அக்காதான். பதிலுக்கு அவர் செங்கோடனை அண்ணா என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

அறை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோயமுத்தூர் கணபதியில் ஒரு கிரைண்டர் பட்டறைக்கு மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்திருக்கும். சுவரோரமாக மேசைகள், மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு விளையாட்டு. நான் அங்கே ஒரு ஞாயிறு விடாமல் போகிறவன். அதனால்தான் இந்தக் கதையை நான் சொல்கிறேன்.

ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி விற்கிற சண்டை விளையாட்டு ஒன்றுகூட அங்கே கிடையாது. இருப்பதெல்லாம் யாரும் பேர் கேள்விப்படாத புதிர் விளையாட்டுகள். நாகர்கோவிலில் ஒரு வீட்டுச் சகோதரிகள் இருவர் செய்தது ஒன்று உண்டு. விளக்கைத் திருப்பினால் சுவரில் நிழல் நகரும். அந்த நிழல்மேல் ஏறித்தான் பூனை மாடிக்குப் போக வேண்டும். போலந்துக்காரர் ஒருவர் செய்த இன்னொன்றில் ஓர் இரும்புக் குண்டை வெறும் காந்தத்தை வைத்தே மலை ஏற்ற வேண்டும். இதையெல்லாம் விளையாடாமல் செத்துப்போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. இதைச் சொன்னால் என் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தை மாதம் முதல் ஞாயிறு அக்கா ஒரு காரியம் செய்வார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஒரே ஒரு விளையாட்டைச் சுவரோரத்திலிருந்து எடுத்து நடு மேசையில் வைப்பார். பரிசு இல்லை, சான்றிதழ் இல்லை, மாலை இல்லை. நடு மேசை, அவ்வளவுதான். அன்றைக்கு மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருவார்கள். அந்த மேசைக்கு ஏங்காமல் இந்தப் பக்கத்தில் எவரும் விளையாட்டு செய்வதில்லை.

செங்கோடன் ரொம்பவே ஏங்கினார்.

பம்பு கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர். வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து ‘தளும்பாமல்’ என்று ஒரு விளையாட்டைச் செய்தார். கல்யாண வீட்டில் சமையற்கட்டிலிருந்து சாம்பார் அண்டாவைப் பந்திக்குக் கொண்டுபோக வேண்டும். சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது. கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாம்பார் அலையடிக்கிற அழகைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அண்டாவைச் சட்டென்று திருப்பினால் முருங்கைக்காய்த் துண்டு ஒரு பக்கம் ஒதுங்கும்.

“என்ற விளையாட்டுல எதுவுமே பொம்மை இல்லீங்க. எல்லாத்துக்கும் எடை உண்டு” என்பார். மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார். அதில் தப்பில்லை, அது நிஜம்.

பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் “சாம்பார், சாம்பார்” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆண் குரல், பெண் குரல், கிழட்டுக் குரல் எல்லாமே அவர் மனைவி திலகமணி பேசிக் கொடுத்தது. அந்த அம்மாளுக்கு விளையாட்டில் இருந்த பங்கு அதோடு முடிந்தது. ஆரம்பத்தில் உட்கார்ந்து விளையாடித்தான் பார்த்தார். செங்கோடன் பக்கத்தில் நின்றுகொண்டு, இப்படிப் பிடி, அப்படி இழு என்பார். கடைசியில் மௌசைப் பிடுங்கித் தானே செய்து காட்டுவார். இரண்டு தடவை பார்த்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனவர்தான். அப்புறம் உட்காரவே இல்லை.

இந்தத் தைக்குள் நடு மேசை கிடைக்காவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய்விடுவதாகச் செங்கோடன் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் கேட்கவில்லை. இவராகவேதான் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மூளை விவகாரம் வந்தது.

விளையாட்டில் ‘வாய்க்கால்’ என்று ஒரு கட்டம். இந்தக் கரையில் அண்டா, அந்தக் கரையில் பந்தி. நடுவே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஒரு பலகை கிடக்கும், அது அகலத்துக்குப் பற்றாது. ஒரு கயிறு. மேலே புளியமரக் கிளையில் ஒரு கப்பி. கயிற்றைக் கப்பியில் போட்டு, அண்டாவை ஊஞ்சல் மாதிரி ஆட்டி, சரியான நேரத்தில் விட வேண்டும். இந்த ஒரு வழியை யோசித்துச் சரிபண்ணுவதற்குள் அவருக்கு ஒரு மழைக்காலம் போய்விட்டது.

ஆனால் யாராலும் தாண்ட முடியவில்லை.

“ஒருத்தருக்கும் தோண மாட்டேங்குதுங்க்கா” என்றார். குறை சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் முகத்தில் பெருமை வழிந்ததை நான் பார்த்தேன்.

அக்கா ஒயரைச் சொருகி முடித்தார். மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினார்.

“தாகமில்லீங்க்கா.”

“குடிக்கறதுக்கில்லீங்ணா. வாயில வச்சுக்கோங்க. விளையாடறவங்க எந்திரிக்கற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.”

அந்த அறையில் அதுதான் சட்டம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். விளையாட்டு செய்தவர் விளையாடுகிறவருக்குப் பின்னால், வாயில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். செங்கோடனும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்.

அன்றைக்கு உட்கார்ந்தது நஸ்ரின் என்கிற கல்லூரிப் பெண். பலகையைப் போட்டாள், அண்டா பலகையோடு தண்ணீரில் இறங்கியது. கயிற்றை எடுத்தாள். அண்டாவின் கழுத்தில் கட்டினாள். மேலே நிமிர்ந்து கப்பியைப் பார்க்கவே இல்லை. செங்கோடனுக்குக் கன்னம் உப்பிக் கண் பிதுங்கிற்று. நாற்காலியில் இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். அவள் கயிற்றைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தாளோ இல்லையோ, இவர் மடக்கென்று தண்ணீரை முழுங்கிவிட்டு, “மேல பாரு கண்ணு, மேல, கப்பி” என்றார்.

நஸ்ரின் மேலே பார்த்தாள். செய்து முடித்தாள். “ஓ, சரிங்க” என்று சொல்லிவிட்டுப் பூனை விளையாட்டுப் பக்கம் போய்விட்டாள்.

“பாத்தீங்களா, முடிச்சுட்டா” என்றார் செங்கோடன்.

“ஆருங்ணா முடிச்சது?” என்றார் அக்கா. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

அடுத்த ஞாயிறு பெஞ்சமின் உட்கார்ந்தார். சூலூர்க்காரர், மருந்துக் கம்பெனி ரெப். வாரம் பூராவும் டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடக்கிற மனிதர். பொறுமைக்குக் கேட்க வேண்டுமா? பலகை, கயிறு எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெறுமனே திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கோடன் தண்ணீரோடு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை மனிதர் தேறிவிடுவார் என்று நானே நினைத்தேன்.

சமையற்கட்டுச் சுவரோரமாக நாலைந்து சாம்பார் வாளிகள் அடுக்கி இருந்தன. செங்கோடன் அழகுக்காக வைத்தது. பெஞ்சமின் ஒரு வாளியை இழுத்துப் பார்த்தார். வந்தது. அண்டாவைச் சாய்த்தார். வாளியில் சாம்பார் விழுந்தது. வாளியைக் கயிற்றில் கட்டி அந்தக் கரைக்கு வீசினார். சிந்தாமல் போய் உட்கார்ந்தது. அப்புறம் என்ன, வாளி வாளியாகப் போக ஆரம்பித்துவிட்டது. எந்தக் கல்யாணத்தில் அண்டாவோடு பந்திக்குப் போகிறார்கள்? வாளியில்தானே போகிறார்கள்.

எல்லா இலையிலும் சாம்பார் விழுந்தது. நாதஸ்வரம் வாசித்தது. பெஞ்சமின் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

செங்கோடன் வாயிலிருந்த தண்ணீர் பெஞ்சமின் சட்டைமேல்.

“அது வழியில்லீங்க. தப்பு. அது வழியே இல்லை” என்று கத்தினார்.

பெஞ்சமின் கையைக் கீழே இறக்கினார். “அப்படிங்களா, எனக்குத் தெரியலீங்க” என்றார். கர்ச்சீப்பை எடுத்துச் சட்டையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மறு வாரம் செங்கோடன் மாப்பிள்ளைக் களையோடு வந்தார்.

“ஓட்டையை அடைச்சுட்டனுங்க்கா.”

வாளிகளையெல்லாம் படமாக மாற்றிவிட்டாராம். பார்க்க வாளி மாதிரியே இருக்கும், தொட்டால் அசையாது. இனி எவனாலும் ஏமாற்ற முடியாது, கப்பி ஒன்றுதான் வழி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று விளக்கமாகச் சொன்னார்.

அக்கா வாளியைத் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை.

“எதுவுமே பொம்மை இல்லைன்னு சொல்லுவீங்களே” என்றார்.

செங்கோடன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, தன் விளையாட்டு நடு மேசைக்குப் போகுமா போகாதா என்று நேரடியாகவே கேட்டுவிட்டார்.

“அதை அப்பறம் பாக்கலாமுங்ணா. நான் செஞ்சது ஒண்ணு சும்மா கெடக்குது. வெளையாடிப் பாக்கறீங்களா?”

அக்கா செய்த விளையாட்டுக்குப் பேர் ‘மலைப் பஸ்’. நான் விளையாடியிருக்கிறேன். ஆள் அடைத்த பஸ் மலைப்பாதையில் ஏற வேண்டும். வளைவு வருவதற்குமுன் ஆட்களை இடம் மாற்றி உட்கார வைக்காவிட்டால் பஸ் சாய்ந்துவிடும். பலாப்பழ மூட்டைக்காரர் ஒருவர், ஆடு பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள், நகரவே மாட்டேன் என்று ஜன்னலோரம் பிடிக்கிற ஒரு பெரியவர். கடைசி வளைவில் என் பஸ் கவிழாத நாளே கிடையாது.

செங்கோடன் உட்கார்ந்தார். கவிழ்ந்தது. மூட்டையை மாற்றினார், கவிழ்ந்தது. ஆட்டை முன்னால் கொண்டுவந்தார், ஆடு டிரைவர் மடியில் ஏற, பஸ் மறுபடி கவிழ்ந்தது. மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பம்பு கம்பெனி மூளை லேசுப்பட்டதில்லை. காபி ஆறி ஆடை கட்டிப்போயிற்று, அவர் தொடவில்லை.

திடீரென்று பஸ்ஸை வளைவுக்குமுன் நிறுத்தினார். கதவைத் திறந்தார். ஆட்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். ஆட்டையும்தான். காலி பஸ் ஆடாமல் அசையாமல் வளைவில் திரும்பிற்று. இறங்கினவர்கள் பின்னால் நடந்துவந்து மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

செங்கோடன் நாற்காலியோடு எங்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

அக்கா கிட்டே வந்தார். திரையைப் பார்த்தார்.

“இது வழியில்லீங்ணா. தப்பு” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

செங்கோடனுக்கு முகம் சிவந்துபோயிற்று. எப்படித் தப்பாகும், கதவு திறக்கிறது, ஆள் இறங்குகிறது, பஸ் மேலே போய்விட்டது, இதில் எங்கே தப்பு என்று குரல் உயர்த்திக் கேட்டார். ஊட்டி மலையில் பஸ் திணறினால் நிஜமாகவே இறங்கித்தானே நடக்கிறோம் என்றார். உங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரியாது, அதை ஒத்துக்கொள்ள மனசில்லை என்றும் சொல்லிவிட்டார்.

“நெசந்தானுங்ணா. எனக்கு அந்த வழி தெரியாது. நீங்கதான் முதல்ல கண்டுபுடிச்சது.”

“அப்பறம் ஏனுங்க தப்புன்னீங்க?”

“பெஞ்சமினைக் கேளுங்க.”

செங்கோடன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்கப்புறம் ஆள் வரவில்லை. மனிதர் கோபித்துக்கொண்டார், பழைய கம்பெனிக்கே போய்விட்டார் என்று ஆளுக்கொன்று பேசினோம். ஒருநாள் பெஞ்சமின் வந்தார். கையில் ஒரு புதுச் சட்டை. செங்கோடன் சூலூருக்கே தேடி வந்து கொடுத்தாராம். கொடுத்துவிட்டு, அந்த வாளியை எப்படி நினைச்சீங்க என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

தை முதல் ஞாயிறு வந்தது. அறையில் கால் வைக்க இடமில்லை. நான் ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

செங்கோடன் திலகமணியோடு வந்திருந்தார். கதவோரமாகவே நின்றார். முந்தின நாளே விளையாட்டைத் திருத்தி அக்காவிடம் கொடுத்திருக்கிறார் போல, எங்களுக்குத் தெரியாது. தோற்றுப்போனாலும் மனைவி கண்முன்னாலேயே தோற்பது என்று முடிவு பண்ணித்தான் அழைத்து வந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அக்கா நடு மேசையின் துணியை விலக்கினார்.

திரையில் அண்டா. சுவரோரம் வாளிகள். அக்கா ஒரு வாளியை மௌசால் தட்டினார், கடகடவென்று உருண்டது. கூட்டத்தில் பெஞ்சமின் சிரிக்கிற சத்தம் கேட்டது.

செங்கோடனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

நடு மேசையில் முதலில் யார் உட்கார வேண்டும் என்று அக்காதான் சொல்வார். பெங்களூர்க்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். அக்கா அவர்களைத் தாண்டிக் கதவோரம் கை காட்டினார்.

“எனக்கெல்லாம் வராதுங்க” என்றார் திலகமணி. “இவர் சொல்லிக் குடுத்தே எனக்கு வல்லீங்க.”

“இன்னைக்கு அவர் சொல்ல மாட்டாருங்க” என்று சொல்லி, அக்கா செங்கோடனிடம் டம்ளரை நீட்டினார். அவர் ஒரு வாய் நிறைய வாங்கிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

திலகமணி மௌசைப் பிடித்தார். நாலைந்து கட்டங்கள் மெதுவாகத் தாண்டினார். ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் புருஷனைப் பார்ப்பார். உப்பின கன்னத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மறுபடி திரும்புவார். அப்புறம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

வாய்க்கால் வந்தது.

பலகையைப் போட்டார். அண்டா முழுகிற்று. மறுபடி ஆரம்பித்தார். கயிற்றை எடுத்தார், வைத்தார். வாளியை எடுத்து வீசினார், பாதி வாய்க்காலில் கவிழ்ந்தது. அவருக்கு பெஞ்சமின் கை வாகு இல்லை. அந்தக் கரையிலிருந்து “சாம்பார், சாம்பார்” என்று அவர் குரலே அவரை விரட்டிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரமாயிற்று. பின்னால் ஒருவர் இருமினார். செங்கோடன் மௌசைப் பார்த்தார். கை மெள்ள முன்னால் போயிற்று. பாதி வழியில் கை நின்றது. திரும்பி வந்து, தன் தொடைக்கடியிலேயே போய்ப் புகுந்துகொண்டது.

“கத்தறதைப் பாரு” என்று திலகமணி பந்திக்காரர்களைத் திட்டினார். “வேணும்னா எந்திரிச்சு வந்து வாங்கிக்கறது.”

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. அந்தக் கரையில் உட்கார்ந்திருந்த தலைப்பாகைக்காரரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

வந்தார்.

செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாத்துக்கும் எடை உண்டு என்று பெருமை பேசினவர்தானே. பந்திக்காரர்களுக்கும் எடை வைத்திருந்தார். வைத்ததை அவரே மறந்துபோயிருந்தார்.

பலகை அண்டாவைத் தாங்காது. ஆனால் ஒரு ஆளைத் தாங்கும். திலகமணி பலகையைத் தண்ணீரில் மிதக்க விட்டார். கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்டினார். தலைப்பாகைக்காரரை இலையோடு அதில் உட்கார வைத்து, பரிசல் மாதிரி இந்தக் கரைக்கு இழுத்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார். பிறகு அடுத்த ஆள். பிறகு ஒரு குண்டு அம்மாள். அந்த அம்மாளுக்குப் பலகை இரண்டு தடவை முங்கி எழுந்தது, அறையே அய்யோ என்றது.

எல்லா இலையிலும் சாம்பார் விழுந்தால் கட்டம் முடியும் என்றுதான் செங்கோடன் எழுதியிருந்தார். இலை எந்தக் கரையில் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை.

கடைசி இலையிலும் விழுந்தது. அண்டா இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. நாதஸ்வரம் வாசித்தது.

திலகமணி எழுந்து திரும்பினார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த அம்மாள் அப்படித் தலை நிமிர்ந்து நின்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை, செங்கோடன் உட்பட.

“ஏனுங்க” என்றார். “நீங்க வச்ச வழி இதுதானுங்களா?”

செங்கோடன் அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயிலிருந்த தண்ணீரை முழுங்கினார்.

“இல்லை புள்ள” என்றார். “இது உன்ற வழி.”